சுங்கம் தவிர்த்த சோழனும் கோயில் மகமையும்

மன்னர்கள் பெற்ற விருதுப்பெயர்களுள் பெரும்பாலன வாளின் வழி வந்தவை. மதுரையை வென்ற பராந்தகன் 'மதுரை கொண்டான்' ஆனான். அவன் வழிவந்த இராசேந்திரன் 'கங்கை கொண்டான்' என்றும் 'கடாரங் கொண்டான்' என்றும் போற்றப்பெற்றான். கொண்டான், கொண்டான் என்று முழங்கும் இப்பெயர் வரிசையின் நடுவே, ஒன்றைக் கொள்ளாது விட்டமைக்காக ஒரு மன்னன் பெற்ற பெயர் தனித்து நிற்கின்றது. அம்மன்னன் முதற் குலோத்துங்க சோழன். அப்பெயர் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்பதாகும்.

திருக்குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில், இறைவன் புகழ் பேசவேண்டிய மலரில் வரியைப் பற்றிய பேச்சு எதற்கு என அன்பர்கள் கருதுதல் கூடும். நம் நாட்டு வரிகளின் வரலாறு பெரும்பாலும் கோயிற் சுவர்களிலேதான் எழுதப்பட்டுள்ளது. எந்த நிலத்திற்கு எவ்வளவு இறை, எந்தப் பண்டத்திற்கு எவ்வளவு தீர்வை, அவற்றுள் எது தேவதானமாக நீக்கப்பட்டது என்னும் செய்திகளைக் கல்லிற் பொறித்துக் காத்தவை திருக்கோயில்களே. பழைய புதுக்கோட்டைச் சமத்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுக்களை 1929-இல் தொகுத்து வெளியிட்டது. அத்தொகுப்பைப் புரட்டுவோர், பக்கந்தோறும் இறைவன் திருப்பெயரையும் இறையின் கணக்கையும் அருகருகே காண்பர். வல்லத்திராக்கோட்டையிலிருந்து திருவரங்குளம் சென்று அங்குள்ள சிவன் கோயிலைத் தொழுவோரும், சோழ பாண்டியர் காலத்து எழுத்துக்களைச் சுவரிலே காணலாம்.

சுங்கம் என்பது யாது? பண்டங்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும்போது வழியிலோ துறையிலோ பெறப்படும் தீர்வையே சுங்கம். பழந்தமிழில் இதற்கு 'உல்கு' என்று பெயர். திருவள்ளுவர் பொருள் செயல்வகையில் அரசனுக்கு உரிய பொருள்களுள் ஒன்றாக உல்கினை வைத்தார். அதற்கு உரை வரைந்த பரிமேலழகர், கலத்தில் வருவனவும் காலில் வருவனவுமாகிய பண்டங்களுக்கு இடும் இறை அஃது என்று விளக்கினார். காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டசாலை முன்றிலிலே, மலைபோற் குவிந்த சரக்கு மூடைகளில் சோழனது புலி இலச்சினையைப் பொறித்து, ஓயாது சுங்கம் கொண்ட அலுவலரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. பெரும்பாணாற்றுப்படையோ உள்நாட்டுக் காட்சியைக் காட்டுகின்றது. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துக்கள் செல்லும் பெருவழி. அவ்வழியில் உல்கு பெறும் இடம். அதனைக் காக்க வில்லேந்திய வீரர். ஆகவே சுங்கம் என்பது வெறும் கொள்ளையன்று. வழியைக் காப்பவன் காவலுக்கு உரிய கூலியாகப் பெற்றது என்பதே அதன் தொடக்க நியாயம்.

இந்த நியாயம் நாளடைவில் திரிந்தமைக்குக் காரணம் சுங்கத்தின் இயல்பிலேயே உள்ளது. நிலவரியைச் செலுத்துபவன் தானே அதன் சுமையைத் தாங்குகின்றான். தான் கொடுப்பது இவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். சுங்கமோ அவ்வாறன்று. சாவடியிற் பணத்தை எண்ணி வைப்பவன் வணிகன். அவன் அதனை மிளகின் விலையிலும் புடவையின் விலையிலும் ஏற்றிவிடுகின்றான். ஈற்றில் அதனைச் சுமப்பவள், அரைப்படி மிளகு வாங்கும் குடும்பத்துப் பெண். தான் வரி செலுத்துகின்றோம் என்பதையே அவள் அறியாள். 'இவ்வாண்டு விலை ஏறிற்று' என்றே கூறுவாள். கொடுப்பவன் ஒருவன், தாங்குபவன் மற்றொருவன் என்னும் இவ்வகை வரியையே இக்காலத்தார் மறைமுக வரி என்பர். மறைந்து நிற்கும் வரியை உயர்த்துவது அரசர்க்கு எளிது. ஒரு சாவடி இருந்த வழியில் மூன்று சாவடி தோன்றினாலும், ஊர்மக்கள் பழிப்பது பெரும்பாலும் வணிகனையேயன்றி மன்னனை அன்று.

இதனை எண்ணிப் பார்த்தால்தான் குலோத்துங்கன் செயலின் அருமை விளங்கும். அவன் வேங்கி நாட்டுக் கீழைச் சளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரனுக்கும், கங்கைகொண்ட சோழன் மகள் அம்மங்கை தேவிக்கும் மகனாகப் பிறந்தவன். அதிராசேந்திரன் சிறிது காலமே ஆண்டு மறைந்தபின், நாட்டிற் குழப்பம் மிக்கிருந்த வேளையில், கி.பி. 1070-இல் சோழ அரியணை ஏறினான். மேற்கே சளுக்கிய விக்கிரமாதித்தன் பகை. கடலுக்கு அப்பால் ஈழம் கைநழுவிற்று. அத்தகைய வேளையில் ஒரு மன்னன் புதுவரி விதித்தான் என்று கேட்டால் வியப்பில்லை. உள்ள வரி ஒன்றை நீக்கினான் என்பதே வியப்பு.

இம்மன்னன் வரலாற்றைத் தனி நூலாக எழுதிய சதாசிவ பண்டாரத்தார், தஞ்சைக்கு அணித்தாகிய கருந்திட்டைக்குடி, அதாவது இன்றைய கரந்தை, 'சுங்கந் தவிர்த்த சோழநல்லூர்' எனப் பெயர் பெற்றிருந்ததை எடுத்துக் காட்டினார். ஒட்டக்கூத்தரும் தம் உலாவில் இச்செயலைச் சோழர் பெருமைகளுள் ஒன்றாக வைத்துப் பாடினார். புலவர் பாட்டு முகமன் ஆகலாம். ஓர் ஊரின் பெயர் அவ்வாறு ஆகாது. பத்திரத்திலும் கல்வெட்டிலும் பேச்சிலும் நாடோறும் வழங்கவேண்டிய பெயராக ஒரு வரிநீக்கம் அமைந்தது என்றால், அதன் பயனை மக்கள் உணர்ந்தனர் என்பதே நமது துணிபு.

எதற்காக அவன் இதனைச் செய்தான்? அவன் ஆட்சியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் நமக்கு வழிகாட்டுகின்றன. 1077-இல் சோழ நாட்டிலிருந்து எழுபத்திருவர் அடங்கிய தூதுக்குழு ஒன்று சீனப் பேரரசனது அவைக்குச் சென்றது. கடல் வாணிகத்தில் அவன் கொண்டிருந்த நாட்டம் இதனாற் புலனாகும். உள்நாட்டுப் பெருவழிகளிற் சாவடிதோறும் பொதியை இறக்கி ஏற்றவேண்டியிருந்தால், துறைமுகத்தில் வாணிகம் தழைப்பது எங்ஙனம்? மற்றொன்று, 1086-இல் நடைபெற்ற நில அளவை. அதே ஆண்டில் இங்கிலாந்து நாட்டிலும் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களையெல்லாம் கணக்கெடுத்தான் என்பது ஒரு விந்தையான ஒற்றுமை. வழியில் விட்டதை வயலிற் பெறக் குலோத்துங்கன் எண்ணினான் போலும். இது நமது கருத்தே. கல்வெட்டு எதுவும் இவ்வாறு காரணம் கூறவில்லை. எனினும், ஒரு வாயிலை அடைக்கும் அரசு மற்றொரு வாயிலைத் திறந்தே தீரும் என்பது அவனுக்குப் பின் வந்த எல்லார் வரலாற்றிலும் காணக்கிடக்கின்றது. அளந்த நிலத்தின்மேல் விதிக்கும் வரி வெளிப்படையானது. அதனை உழவன் அறிவான், முறையிடவும் செய்வான். மறைந்த வரியை விட்டு வெளிப்பட்ட வரியை நம்பிய மன்னன் என்று அவனைப் பாராட்டுதல் தகும்.

சுங்கம் அவனோடு ஒழிந்துவிடவில்லை. பிற்காலக் கல்வெட்டுக்களில் அது மீண்டும் தலைகாட்டுகின்றது. முற்றும் நீக்குவதினும் அளவிட்டு நிறுத்துவது நிலைக்கும் என்று கருதியவன் காகதீய மன்னன் கணபதிதேவன். 1244-இல் மோட்டுப்பள்ளித் துறையிலே அவன் ஓர் அபய சாசனத்தைக் கல்லில் நாட்டினான். புயலில் ஒதுங்கிய கலங்களின் சரக்கைக் கவர்ந்துகொள்ளும் பழைய வழக்கத்தை அவன் விலக்கினான்; வணிகரிடம் முப்பதில் ஒன்று என்ற அளவிலே சுங்கம் பெறுவதாக உறுதி கூறினான். 'இவ்வளவே, இதற்குமேல் இல்லை' என்று எழுதி வைத்ததே அதன் சிறப்பு. வணிகன் அஞ்சுவது வரியின் மிகுதியைக் காட்டிலும் வரியின் நிலையாமையையே.

இனி நம் திருக்கோயில்களின் பக்கம் திரும்புவோம். சுங்கத்தை வெறுத்த அதே வணிகர், தாமே தம் சரக்கின்மீது ஒரு தீர்வையை விதித்துக்கொண்டனர் என்பது கேட்போர்க்கு வியப்பாக இருக்கும். அதுவே மகமை. புதுக்கோட்டைச் சீமை வணிகக் குழுக்களின் வரலாற்றில் பெயர் பெற்றது. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் பெயர் தொலைவிலுள்ள ஊர்க் கல்வெட்டுக்களிலும் காணப்படும். முனசந்தையில் திசையாயிரத்தைந்நூற்றுவர் கல்வெட்டு உளது. இவர்கள் யாரும் அரசனது ஏவலால் அன்றித் தம் பேரவையிற் கூடி முடிவு செய்யும் உரிமை பெற்றவர்கள்.

இவ்வகை முடிவுகளுள் தலைசிறந்தது பிரான்மலையில் உள்ளது. திருஞானசம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் அதுவே. பாரியின் பறம்பு என்றும் அதனைக் கூறுவர். பொன்னமராவதிப் பக்கத்தார்க்கு அது கூப்பிடு தொலைவு. அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டில், பல ஊர் வணிகர் கூடி, தாம் வாங்கி விற்கும் பண்டங்களுக்குச் சுமையளவைக் கொண்டு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கோயிலின் திருப்பணிக்கு அளிப்பதாக எழுதிக் கொடுத்தனர். அப்பட்டியலைப் படிப்பதே ஒரு பெருஞ் சந்தையின் ஊடே நடப்பது போலாகும். நெல், அரிசி, உப்பு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, கடுகு, சீரகம் என்று தொடங்கினால், இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், கவரி, கருப்பூரம் என வளர்ந்து குதிரை, யானை வரையில் அது செல்கின்றது. ஏழை உண்ணும் உப்பும் அரசன் ஏறும் யானையும் ஒரே கல்லில் நிற்கின்றன. உப்புக்கு உரியது உப்பின் அளவாகவும் யானைக்கு உரியது யானையின் அளவாகவும் இருத்தல் வேண்டும் என்பதை, இன்று வரிவிகிதம் வகுக்கும் குழுக்கள் எத்தனையோ கூட்டம் கூடி ஆராய்கின்றன. நம் முன்னோர் ஒரு மலையடிவாரத்தில் அமர்ந்து அதனைச் செய்தனர்.

மகமையும் மறைமுக வரியே ஆகும். அதுவும் விலையில் ஏறி வாங்குவோரையே சேரும். ஆயின் அதற்கும் சுங்கத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. மகமைக்கு இசைந்தவர் இன்னார், அளவு இன்னது, அது செல்லும் இடம் இன்னது என்பன கல்லில் உள்ளன. உப்பு வாங்கியவள் கோயிலுக்கு வந்து, தன் காசு எரியும் திருவிளக்கைக் கண்ணாற் கண்டாள். நகரத்தார் தம் வாணிகத்திலும், நாடார் பெருமக்கள் தம் பேட்டைகளிலும் மகமை வைத்துக் கோயிலும் பள்ளியும் சத்திரமும் கண்ட வரலாறு இம்மரபின் தொடர்ச்சியேயாகும்.

வழிபாட்டுக்கு உரிய பொருளின்மேல் வரி வைத்தல் ஆகாது என்னும் கொள்கையும் மிகப் பழையது. சந்திரகுப்த மோரியனின் அமைச்சராகக் கருதப்படும் கௌடிலியர் பெயரால் வழங்கும் அர்த்தசாத்திரம், திருமணம், வேள்வி, கடவுட்பூசை, உபநயனம் ஆகியவற்றுக்குக் கொண்டுசெல்லும் பொருள்களைச் சுங்கமின்றி விடுமாறு விதிக்கின்றது. 1517-இல் விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர், சோழ மண்டலத்துச் சிவன் கோயில்களும் திருமால் கோயில்களும் அரசுக்குச் செலுத்திவந்த சோடி, சூலவரி முதலியவற்றுள் பதினாயிரம் பொன் அளவினை நீக்கினார். அந்த ஆணை பல கோயிற் சுவர்களில் வெட்டப்பட்டுள்ளது.

கும்பினியார் ஆட்சியில் சாவடிகள் மலிந்தன. பழைய அரசுகள் விட்டுச் சென்ற வழிச்சுங்கங்களை அவர்களும் தொடர்ந்து பெற்றனர். கடல் கடந்து வந்த ஆங்கிலத் துணிக்கு எளிய வழி இருக்க, நம் நெசவாளியின் துணி தன் நாட்டுக்குள்ளேயே வழிதோறும் தீர்வை கொடுத்து நடந்தது. வங்காளத்து உள்நாட்டுச் சுங்கங்களின் தீமையைத் திரெவெல்யான் என்னும் ஆங்கில அலுவலர் 1834-இல் விரிவாக எடுத்துரைத்தார். வங்காளத்தில் 1836-இலும், சென்னை மாகாணத்தில் 1844-ஆம் ஆண்டின் ஆறாம் சட்டத்தாலும் அவை நீக்கப்பட்டன. குலோத்துங்கன் பெற்ற பெயரை ஏன் அந்த ஆளுநர் எவரும் பெறவில்லை? காரணம் உண்டு. விட்ட சுங்கத்துக்கு ஈடாக அவ்வாண்டே சென்னை மாகாணத்தில் உப்பின் விலையை உயர்த்தினர். பின்னர்ச் சிறிது குறைத்தனராயினும், முன்னிருந்த நிலைக்கு அது திரும்பவில்லை. சாவடியைக் கடப்பவர் சிலர். உப்பை உண்ணாதவர் எவர்?

இவ்வுப்பு வரி நம் புதுக்கோட்டையையும் தொட்டது. இச்சீமையின் உவர் மண்ணைக் காய்ச்சி எளியோர் உப்பு எடுத்து வந்தனர். ஆங்கில அரசின் உப்பு வருவாய்க்கு அஃது இடையூறாதலின், 1880-களின் பிற்பகுதியில் அத்தொழில் தடுக்கப்பட்டது. அதற்கு ஈடாகச் சமத்தானத்துக்கு ஆண்டுதோறும் 38,000 ரூபாய் தர இசைந்தனர். கருவூலத்துக்கு ஈடு கிடைத்தது. மண்ணுப்பை விட்டு வரியேறிய கடலுப்பை வாங்கிய குடியானவனுக்கு எவரும் ஈடு தரவில்லை. 1930 ஏப்ரலில் இராசாசி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தது இவ்வரியை எதிர்த்தேயாகும். நாடு விடுதலை பெறுவதற்குச் சில திங்கள் முன்னர், 1947 ஏப்ரல் முதல் உப்பு வரி நீங்கிற்று.

வரலாறு சில வேளைகளில் நகைப்புக்கு இடம் தருகின்றது. ஒரு பிடி உப்புக்காகச் சிறை சென்ற அதே இராசாசி, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்து பொது விற்பனை வரியைக் கொணர்ந்தார். 1937 அக்டோபர் முதல் நாளன்று சேலம் மாவட்டத்தில் அவர் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடைகளை அடைத்தால் ஆயத்தீர்வை அற்றுப்போகும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் வேண்டும். இந்தியாவிலேயே முதன்முறையாக எல்லாப் பண்டங்களையும் தழுவிய விற்பனை வரிச் சட்டம் 1939-இல் இங்கே பிறந்தது. குடியை ஒழித்த நல்வினையின் செலவை உப்பும் புளியும் விற்றவர் வாயிலாக எல்லாரும் பகிர்ந்துகொண்டனர். இதனைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு நன்மைக்கு விலையுண்டு என்று வெளிப்படையாகக் கூறிய வரி அது. விகிதமும் சிறிதே: பெருவணிகர்க்கு விற்றுமுதலில் நூற்றுக்கு அரை. அக்காலத்தில் நம் சமத்தானத்தில் வழங்கிய அம்மன் காசில் இருபது கொண்டது ஓர் அணா. 320 கொண்டது ஒரு ரூபாய். அதன்படி ஒரு ரூபாய்ப் பண்டத்துக்கு வரி ஒன்றரைக் காசுக்குச் சற்று மேல். அச்சட்டம் அப்போது புதுக்கோட்டைக்கு வரவில்லை. 1948 மார்ச்சு 3-ஆம் நாள் சமத்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பின்னரே, சென்னை மாகாணச் சட்டங்கள் இங்கும் உரியவாயின. பிரகதாம்பாள் திருவுருவம் பொறித்த அக்காசும் மெல்ல மறைந்தது.

அரை விழுக்காடு சிறிதெனினும் அதில் ஒரு குறை கருவிலேயே இருந்தது. பண்டம் கைமாறுந்தோறும் அவ்வரி விழுந்தது. பிற்காலத்தில் விகிதங்கள் உயர்ந்து, நடுவண் அரசின் ஆயத்தீர்வை, மாநில விற்பனை வரி, மாநிலம் கடந்தால் அதற்கொரு வரி, சில இடங்களில் நகர் நுழைவு வரி என்று அடுக்கடுக்காக ஆனபோது, அக்குறை பெரிதாயிற்று. திருக்கோயிலுக்குக் குத்துவிளக்கு வாங்கும் அன்பர் ஒருவரை வைத்து இதனை விளக்கலாம். விகிதம் எளிதாக நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். பித்தளை விற்பவர் 1,000 ரூபாய்க்கு உலோகத்தைக் கொடுக்கின்றார்; வரி 100. கன்னார் தம் கூலி 600 சேர்த்து 1,700 ஆக்குகின்றார், வரி 170. கடைக்காரர் தம் செலவும் ஊதியமுமாக 330 சேர்க்கின்றார். விலை 2,200, வரி 220. விளக்கு அன்பர் கைக்கு வரும்போது 2,420 ரூபாய். உழைப்பும் பொருளும் சேர்ந்த உண்மை மதிப்பு 1,930 மட்டுமே. மிகுதி 490-உம் வரி. பத்து விழுக்காடு என்ற வரி, விளக்கு ஏற்றப்படுமுன் இருபத்தைந்து விழுக்காடு ஆகிவிட்டது. வரியின்மேல் வரி ஏறியதே காரணம்.

இந்நோய்க்கு மருந்து 1954-இல் பிரெஞ்சு நாட்டில் கண்டறியப்பட்டது. ஒவ்வொருவரும் தாம் வாங்கும்போது கொடுத்த வரியை, தாம் விற்கும்போது கட்டவேண்டிய வரியிற் கழித்துக்கொள்ளலாம் என்பதே அம்முறை. அவ்வாறாயின் கன்னார் 160-இல் 100 கழித்து 60 கட்டுவார். கடைக்காரர் 193-இல் 160 கழித்து 33 கட்டுவார். விளக்கின் விலை 2,123 ரூபாய். அரசுக்கு 193 சேர்கின்றது. அன்பர்க்கு 297 ரூபாய் மிஞ்சுகின்றது. ஒருவர் கழிக்கவேண்டுமாயின் முன்னவர் வரி கட்டிய சீட்டு வேண்டுமாதலால், கணக்கை மறைப்பதும் கடினமாகின்றது. தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி என்னும் பெயரால் இம்முறை 2007 சனவரி முதல் நாளில் வந்தது. நடுவண் வரிகளையும் மாநில வரிகளையும் ஒரே கயிற்றிற் கோத்த சரக்கு, சேவை வரி, அரசியலமைப்பின் 101-ஆம் திருத்தத்தின் வழியே 2017 சூலை முதல் நாளில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதனோடு பல மாநில எல்லைகளில் நின்ற வணிகவரிச் சாவடிகளும் நீங்கின. வரிசையாக நின்ற சரக்கு வண்டிகள் நகர்ந்த அக்காட்சியைக் கண்டபோது, 'சுங்கந் தவிர்த்த' என்னும் பழைய விருது சிலர் நினைவுக்கேனும் வந்திருக்கும்.

புதுமுறையில் குறைகளும் இருந்தன. விகிதங்கள் பலவாயின, சிறு வணிகர் கணக்கெழுதும் தொல்லைக்கு ஆளாயினர், மாநிலங்கள் தம் விருப்பப்படி வரி வைக்கும் உரிமையிற் பெரும்பகுதியை ஒரு பொது மன்றத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. தமிழ்நாடு முதலிய உற்பத்தி மாநிலங்கள் இதனால் வருவாய் குறையுமோ என்று அஞ்சியமை அடிப்படையற்றதன்று. பண்டம் செய்யப்படும் இடத்தை விட்டு நுகரப்படும் இடத்துக்கு வரி செல்லும் முறை இது. விகிதங்களைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பண்டங்கள் நூற்றுக்கு 5, 18 என்னும் இரு படிகளுக்குள் கொணரப்பட்டன.

திருப்பணிக்குப் பொருளுதவும் பெருமக்கள் இதனை அறிந்திருத்தல் நலம். விபூதி, உருத்திராக்கம், பூணூல், பஞ்சாமிர்தம், விளக்குத்திரி ஆகியவற்றுக்கும் திருக்கோயிற் பிரசாதத்துக்கும் இவ்வரி இல்லை. கௌடிலியர் நூல் பூசைப் பொருளுக்கு அளித்த விலக்கு, ஈராயிரம் ஆண்டு கழித்தும் வேறு பெயரில் வாழ்கின்றது. சமயச் சடங்குகளை நடத்தித் தருவதற்கும் வரி இல்லை. பதிவு பெற்ற அறநிலையத்தின் திருமண மண்டபத்தை நாளொன்றுக்குப் பதினாயிரம் ரூபாய்க்குக் குறைந்த வாடகைக்கு விட்டால் வரியில்லை. அவ்வெல்லையை எட்டினால் உண்டு. அடியார் தங்கும் அறைக்கு அவ்வெல்லை ஆயிரம் ரூபாய். மண்டப வாடகையை உயர்த்த எண்ணும் அறங்காவலர்கள் இக்கணக்கையும் பார்த்துக்கொள்வார்களாக.

ஆனால் பூசைப் பொருளுக்கு இருக்கும் விலக்கு திருப்பணிப் பொருளுக்கு இல்லை. சிமிட்டிக்கு 2017 முதல் நூற்றுக்கு 28 இருந்தது. மேற்கூறிய மாற்றத்தால் 18 ஆயிற்று. வெட்டியெடுத்த கருங்கற் பாளத்துக்கு 12 இருந்தது 5 ஆயிற்று. ஓர் இலக்கம் ரூபாய்ச் சிமிட்டிக்கு 10,000 ரூபாயும், ஓர் இலக்கம் ரூபாய்க் கருங்கல்லுக்கு 7,000 ரூபாயும் குறைந்தன. இதனால் எத்தனை ஊர்க் கோயில்களில் மதிற்சுவர் ஒரு வரி உயர்ந்திருக்கும் என்று எண்ணி மகிழலாம். ஆயினும் மற்றொன்றும் எண்ணவேண்டும். முன் கூறிய கழிப்பு முறை வணிகர்க்கே உரியது. திருப்பணிக் குழுவோ கல்லை வாங்கி விற்பதில்லை, இறைவனுக்கு ஆக்குகின்றது. தாம் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள அக்குழுவுக்கு விற்பனை ஏது? வரி வந்து நிற்கும் கடைசிக் கை கோயிலின் கையே. அதாவது, கூலியுழைப்பில் மிஞ்சிய நூறு ரூபாயைத் திருப்பணிக்கென்று நீட்டும் அடியவரின் கை. அர்த்தசாத்திரமும் கிருட்டிணதேவராயர் ஆணையும் அறிந்த நாட்டில், ஊர்மக்கள் ஒருங்குகூடிச் செய்யும் திருப்பணிக்கு வாங்கும் கல், சுண்ணம், சிமிட்டி ஆகியவற்றின் வரியை உரிய சான்று கண்டு திருப்பித் தரலாகாதா என்று கேட்பது பேராசையாகாது என்பது நமது கருத்து. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மக்கள் தாமே கட்டித்தரும் கட்டடங்களுக்கும், எச்சமயத்தார் வழிபாட்டிடத்துக்கும் இது பொருந்தும்.

சுங்கம் என்னும் சொல் மட்டும் நம் பேச்சிலிருந்து மறையவில்லை. திருச்சியிலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையில், திருமயத்தை அடுத்த லெம்பலக்குடியில் வண்டிகள் நின்று பணம் கட்டும் இடத்தைச் சுங்கச்சாவடி என்றே அழைக்கின்றோம். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வில்வீரர் அங்கில்லை. பெறுவது சரக்கின் தீர்வையன்று, சாலையின் கட்டணம். வழிக்கு உரிய கூலி என்னும் மிகப் பழைய பொருளுக்கே அச்சொல் சுற்றி வந்து சேர்ந்தது போலும்.

இன்று நம் மாநிலத்துக்குள் ஒரு கல் வாங்கினாலும் ஒரு மணி வாங்கினாலும், கடைச்சீட்டின் அடியில் இரண்டு வரிகளைக் காணலாம். ஒன்று நடுவண் அரசின் பங்கு, மற்றொன்று மாநில அரசின் பங்கு. இரண்டும் சம அளவின. அரைப்படி மிளகு வாங்கிய பழங்காலத்துப் பெண் அறியாதது, இன்று அவள் வழித்தோன்றல் கையில் அச்சிட்ட தாளாக இருக்கின்றது. பலர் அதனைப் படியாமலே கசக்கி எறிந்துவிடுகின்றனர். திருப்பணிக்கு வாங்கிய பொருள்களின் சீட்டுக்களை நம் பெரியவர்கள் ஒன்றும் விடாது நூலிற் கோத்துக் கட்டிவைப்பது வழக்கம். பிரான்மலைக் கல்லின் பட்டியலைப் போல அதுவும் ஒரு பட்டியலே. குடமுழுக்கு நிறைவுற்றபின் அக்கட்டினை ஒரு நாள் அவிழ்த்து, வரியென்று சென்ற தொகை முழுவதையும் கூட்டி, வரவு செலவுக் கணக்கில் தனிப் பத்தியாக எழுதி, கோயில் முன்மண்டபத்தில் எல்லாரும் காண ஒட்டிவைத்தால், நூறு ரூபாய் நீட்டிய அடியவரும் அதனைப் படித்துப் பார்ப்பார்.